பூட்டு எவர்க்கு? திறப்பு எவர் கையில்?

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியவரே அதன் உடைமையாளர் என்பது வணிக உலகின் பழைய விதி. வீட்டை விற்றவர் அதன் திறப்பை வாங்கியவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவ்வாறு செய்யாது, “வீட்டினுள் எவர் நுழையலாம் என்பதை இனியும் யானே தீர்மானிப்பேன், இஃது உம்முடைய பாதுகாப்பின் பொருட்டே” என்று அவர் கூறின், அதனை முழுமையான விற்பனையென எவரும் ஏற்றுக்கொள்ளார். ஆயின், கணினியுலகில் 2012ஆம் ஆண்டு தொடக்கம் ஏறத்தாழ இத்தகைய ஏற்பாடொன்றே வழமையாகிவிட்டது. ‘செக்கியுவர் பூட்’, அதாவது ‘பாதுகாப்பான தொடக்கம்’, என்பது அதன் பெயர்.

இவ்வேற்பாட்டை ஆதரிப்போர் பாதுகாப்பின் பெயரால் அதன் எல்லா அம்சங்களையும் ஆதரிக்கின்றனர். எதிர்ப்போருள் ஒருசாரார் அதனை முற்றுமுழுதான சதியென ஒதுக்குகின்றனர். இரு சாராரும் வெவ்வேறான இரண்டு வினாக்களை ஒன்றாக்கிக் குழப்புகின்றனர். கணினியின் தொடக்கத்துக்குப் பூட்டு வேண்டுமா என்பது ஒரு வினா. அப்பூட்டின் திறப்பு எவர் கையில் இருத்தல் வேண்டும் என்பது பிறிதொரு வினா. முதலாவதற்கு ‘ஆம்’ என விடையளிப்பவர், இரண்டாவதற்கு ‘மைக்ரோசொஃப்ற் கம்பனியின் கையில்’ என விடையளிக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. திறந்திருந்த வாயில்

கணினிக்கு மின்சாரம் கிடைத்தவுடன் முதலில் இயங்குவது விண்டோசும் அன்று, லினக்சும் அன்று. தாய்ப்பலகையிலுள்ள சிறு நினைவகச் சில்லொன்றிற் பதிக்கப்பட்டிருக்கும் நிலைபொருளே முதலில் இயங்குகின்றது. அது வன்பொருட்களைச் சோதித்து ஆயத்தப்படுத்தி, வட்டிலிருந்து பணிசெயல் முறைமையின் தொடக்கியை நினைவகத்துக்கு ஏற்றி, கட்டுப்பாட்டை அதனிடம் கையளித்து ஒதுங்கிக்கொள்கின்றது. (பணிசெயல் முறைமையை இயங்குதளம் எனவும் வழங்குவர்.)

1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியில் இந்நிலைபொருள் ‘பயோஸ்’ எனப் பெயர் பெற்றிருந்தது. அது வட்டின் முதற் பகுதியிலுள்ள 512 பைற்றுகளைப் படித்து, உள்ளிருந்த ஆணைகளை அப்படியே இயக்கியது. அவற்றை எழுதியவர் எவர் என்றோ, எவருடைய அனுமதியுடன் எழுதினார் என்றோ அது வினவவில்லை.

இத்திறந்த தன்மை எவரும் திட்டமிட்டு வழங்கிய கொடையன்று. எனினும் அதனால் விளைந்தவை பெரியன. அன்ட்ரூ ரனன்பாம் என்னும் பேராசிரியர் பணிசெயல் முறைமைகளைக் கற்பிக்கும் பொருட்டு 1987இல் ‘மினிக்ஸ்’ என்னும் சிறு முறைமையை வெளியிட்டார். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் ரோர்வால்ட்ஸ், தாம் வாங்கிய 386 வகைக் கணினியில் மினிக்சைப் பயன்படுத்திய வண்ணமே லினக்சின் கருவை எழுதினார். அவர் எந்தக் கம்பனிக்கும் விண்ணப்பிக்கவில்லை. எவருடைய ஒப்பத்தையும் பெறவில்லை. எழுதினார், வட்டிற் பதித்தார், கணினி அதனை இயக்கியது. அம்மாணவரின் முயற்சியிலிருந்து வளர்ந்த கரு, உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூறின் பட்டியலில் 2017 நவம்பர் முதலாக எல்லாக் கணினிகளிலும் இயங்குகின்றது. அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளின் அடியில் இருப்பதும் அதுவே.

ஒரு மாணவர் தம் மேசையில் இருந்துகொண்டே புதியதொரு முறைமையை எழுதி இயக்கிப் பார்க்கக்கூடிய நிலை இருந்தமையாலேயே இது நிகழ்ந்தது. இன்றைய பூட்டைப் பற்றிய விவாதத்திற் பணயமாக வைக்கப்பட்டிருப்பது இந்நிலையே.

2. பூட்டு வேண்டும் என்பது மெய்

திறந்த வாயிலூடாக மாணவர் மட்டும் நுழையவில்லை. 1986இல் லாகூரைச் சேர்ந்த சகோதரர் இருவர் எழுதிய ‘பிரெயின்’ என்னும் நச்சுநிரல், நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியிற் குடிகொண்டு உலகெங்கும் பரவியது. 1998இல் தாய்வானில் எழுதப்பட்ட ‘சி.ஐ.எச்.’ நச்சுநிரல் பயோஸ் சில்லின் உள்ளடக்கத்தையே அழித்து, கணினிகளைத் தொடங்கவும் இயலாதனவாக்கியது. 2018இல் ‘லோஜக்ஸ்’ என்னும் தீநிரலை ஈசெற் நிறுவனத்தின் ஆய்வாளர் வெளிப்படுத்தினர். கிழக்கு, மத்திய ஐரோப்பாவின் அரச நிறுவனங்களைக் குறிவைத்த அந்நிரல் நிலைபொருளினுள்ளேயே தன்னைப் பதித்துக்கொண்டது. வட்டை மாற்றினாலும், பணிசெயல் முறைமையைப் புதிதாக நிறுவினாலும் அது நீங்காது.

தொடக்க நிலையில் நுழையும் தீநிரலின் கொடுமை இதிற்றான் உள்ளது. பின்னர் எழும் பாதுகாப்பு மென்பொருள் யாவும் அதன் கண்காணிப்பிலேயே எழுகின்றன. நம்பிக்கையற்ற அத்திவாரத்தின் மீது நம்பிக்கையான கட்டடத்தை எழுப்புதல் இயலாது. ஆகவே, தொடக்கியை இயக்குமுன் அதன் ஒப்பத்தைச் சரிபார்த்தல் வேண்டும் என்பது நியாயமான தொழில்நுட்பக் கோரிக்கையாகும். இதனை மறுத்துரைப்போர் சுதந்திர மென்பொருளின் நோக்கத்துக்கு நன்மை செய்பவரல்லர்.

இக்கோரிக்கைக்கு வடிவம் தந்தது யு.ஈ.எஃப்.ஐ. என்னும் நிலைபொருள் நியமம். இன்ரெல் நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் உருவாக்கிய இடைமுகமொன்றிலிருந்து பிறந்த இந்நியமம், 2005 முதல் பல கம்பனிகள் இணைந்த மன்றமொன்றின் பொறுப்பில் உள்ளது. 2011இல் வெளியான அதன் 2.3.1ஆம் பதிப்பிலேயே செக்கியுவர் பூட் இடம்பெற்றது. அதன் அமைப்பு நான்கு படிகளைக் கொண்டது. எல்லாவற்றுக்கும் மேலே தளத் திறப்பு. அதன் கீழே பட்டியல்களை மாற்றும் அதிகாரமுடைய திறப்பு. அதன் கீழே அனுமதிக்கப்பட்டோர் பட்டியல். அதனோடு தடைசெய்யப்பட்டவற்றின் பட்டியல். அனுமதிப் பட்டியலிலுள்ள சான்றிதழொன்றால் ஒப்பமிடப்படாத, அல்லது தடைப்பட்டியலில் இடம்பெற்ற தொடக்கியை நிலைபொருள் இயக்காது.

இவ்வமைப்பை ஆழ்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். பட்டியலில் எவர் பெயர் இடம்பெற வேண்டும் என இந்நியமத்தில் எங்கும் விதிக்கப்படவில்லை. உடைமையாளர் தம் திறப்பையே மேற்படியில் வைத்து, தாம் நம்பும் முறைமைகளை மட்டும் இயக்கச் செய்யவும் இந்நியமம் இடந்தருகின்றது. அவ்வாறாயின், உலகின் பெரும்பாலான தனியாள் கணினிகளில் ஒரே கம்பனியின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பது எவ்வாறு? அது பொறியியலால் நேர்ந்ததன்று, சந்தையால் நேர்ந்தது.

3. திறப்பு கைமாறிய கதை

விண்டோஸ் 8 முறைமைக்கு ஏற்றது என்னும் சான்றைப் பெற விரும்பும் கணினிகளில் செக்கியுவர் பூட் செயற்படு நிலையிலேயே விற்கப்படல் வேண்டும் என மைக்ரோசொஃப்ற் விதித்தது. இவ்விதியின் விளைவை 2011 செப்ரெம்பரில் முதலில் வெளிப்படையாக எடுத்துரைத்தவர்களுள் ஒருவர், அப்பொழுது ரெட் ஹற் நிறுவனத்திற் பணியாற்றிய மத்தியு கரெற் ஆவார். விண்டோசின் சான்றிதழ் மட்டும் உள்ள கணினியில் லினக்ஸ் தொடங்காது என அவர் சுட்டினார். எழுந்த எதிர்ப்பினால், இன்ரெல் வழிவந்த செயலிகளையுடைய கணினிகளிற் பூட்டை நீக்கவும், திறப்புகளை மாற்றவும் உடைமையாளருக்கு வழி இருத்தல் வேண்டும் என்னும் வாசகம் அவ்விதிகளிற் சேர்க்கப்பட்டது.

ஆயின், அதே ஆவணம் ஆர்ம் வகைச் செயலிகளையுடைய கருவிகளுக்கு நேரெதிரான விதியைக் கொண்டிருந்தது. அவற்றிற் பூட்டை நீக்கும் வழி இருத்தல் கூடாது. பாதுகாப்பே நோக்கமாயின், ஒருவகைச் செயலியில் உடைமையாளரின் உரிமை பாதுகாப்புக்கு இணக்கமானதாகவும், பிறிதொரு வகையில் ஆபத்தானதாகவும் ஆவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு ஏற்புடைய தொழில்நுட்ப விடை இல்லை. பழைய சந்தையில் எதிர்ப்புக்கு அஞ்சி விட்டுக்கொடுத்ததை, புதிய சந்தையிற் கொடாது விட்டமையே உண்மை.

அவ்விதியின் விளைவைச் சந்தித்தவர்கள் விண்டோஸ் ஆர்.ரி. கருவிகளை வாங்கியவர்கள். அம்முறைமை சில ஆண்டுகளிலேயே வணிகத்தில் தோல்வியுற்றுக் கைவிடப்பட்டது. 2023 ஜனவரியில் அதற்கான ஆதரவும் முடிவுற்றது. திரையும் செயலியும் பழுதின்றி இருப்பினும், வேறொரு முறைமையை நிறுவி அவற்றுக்கு மறுவாழ்வு தருவதற்கு விற்றவர் எவ்வழியையும் விட்டுவைக்கவில்லை. 2016இல் மைக்ரோசொஃப்ற் சோதனைக்கென ஒப்பமிட்ட கொள்கைக் கோப்பொன்று வெளியே கசிந்தமையால், அக்கருவிகளின் பூட்டைத் தளர்த்தும் வழியொன்று சிலருக்குக் கிட்டியது. விலைகொடுத்து வாங்கியவரின் உரிமை, விற்றவரின் கவனக்குறைவால் அருளப்படும் நிலை ஏற்பட்டதென்றால் அவ்வேற்பாட்டின் நியாயத்தை விளக்கவும் வேண்டுமோ?

தனியாள் கணினிகளிலும் நிலைமை முற்றாகச் சீரானதன்று. லினக்ஸ் வெளியீட்டாளர்கள் தம் சான்றிதழை ஒவ்வொரு உற்பத்தியாளரும் பதிக்குமாறு செய்தல் நடைமுறையில் இயலாததாயிற்று. எனவே ஃபெடோரா குழுவினர் 2012இல் வேறு வழியைத் தேர்ந்தனர். 99 டொலர் கட்டணத்தில் மைக்ரோசொஃப்ற்றின் ஒப்பமிடும் சேவையிற் பதிவுசெய்து, ‘ஷிம்’ எனப்படும் சிறு இடைத்தொடக்கிக்கு ஒப்பம் பெற்றனர். அது பின்னர் தம் தொடக்கியைத் தம் திறப்பால் சரிபார்த்து இயக்கும். ஏனைய பெரிய லினக்ஸ் வெளியீடுகளும் இவ்வழியையே பின்பற்றின. கட்டணம் சிறிது என்பது மெய். ஆனால் விண்டோசுக்குப் போட்டியான முறைமை, விண்டோசை விற்பவரின் ஒப்பத்துடன் மட்டுமே வாயிலைக் கடக்கும் என்னும் வழமை அன்று நிலைபெற்றது. 2013 மார்ச்சில் ஸ்பானிய லினக்ஸ் பயனர் சங்கமான ஹிஸ்பாலினக்ஸ், இது போட்டியைத் தடுக்கும் செயலென ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தது இக்காரணத்தினாலேயாம்.

விட்டுக்கொடுத்தவை நிலைத்திருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2015இல் விண்டோஸ் 10 வந்தபொழுது, பூட்டை நீக்கும் வழியை வைப்பது உற்பத்தியாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. 2022இல் லெனோவோவின் திங்க்பாட் இசட்13 மடிக்கணினி, விண்டோசுக்கான சான்றிதழை மட்டும் நம்பும் நிலையில் விற்பனைக்கு வந்தமை வெளிப்பட்டது. பிற முறைமைகளுக்கான ஒப்பச் சான்றிதழ் அதன் அமைப்புகளில் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருந்தது. உடைமையாளர் அதனை இயக்கிக்கொள்ளலாம் என்பது மெய். ஆனால் ஓராண்டில் உரிமையாக எழுதப்பட்டது பிறிதோர் ஆண்டில் விருப்பத் தெரிவாகக் குறுகியது என்பதை மறத்தல் கூடாது.

4. ஆதரிப்போரின் மூன்று வாதங்கள்

ஆதரிப்போர் கூறும் முதலாவது வாதம், ‘விரும்பாதவர் பூட்டை நீக்கிவிடலாமே’ என்பது. ஓப்பன்பிஎஸ்டி, ஹைக்கூ போன்ற முறைமைகளின் பயனர் இன்றும் அவ்வாறே செய்கின்றனர். ஆனால் இவ்வாதம் தன்னையே மறுத்துக்கொள்கின்றது. பாதுகாப்பு அனைவர்க்கும் இன்றியமையாதது எனக் கூறுவோர், பிற முறைமைகளை விரும்புவோர்க்கு மட்டும் பாதுகாப்பின்றி வாழும் சுதந்திரத்தை வழங்குகின்றனர். வேண்டுவது பூட்டற்ற வீடன்று. தன் திறப்பால் திறக்கும் பூட்டு.

இரண்டாவது வாதம், ‘மைக்ரோசொஃப்ற் இதுவரை லினக்சுக்கு ஒப்பமிட மறுக்கவில்லையே’ என்பது. பெரிய வெளியீடுகளைப் பொறுத்தவரை இது மெய்யே. எனினும், ஆண்டையின் நற்குணத்தைக் கூறி அடிமை முறையை நியாயப்படுத்தல் போன்றது இவ்வாதம். அதிகாரம் எவ்வாறு பயன்படுத்தப்படுகின்றது என்பது ஒன்று. அவ்வதிகாரம் எவரிடம் இருக்கின்றது என்பது வேறொன்று. ஒப்பத்துக்கான நிபந்தனைகளை வகுப்பதும், மாற்றுவதும், பழைய ஒப்பங்களை இரத்துச் செய்வதும் ஒரே தரப்பின் கையில் உள்ளன. 2024 ஓகஸ்ற்றில் வெளியான விண்டோஸ் இற்றைப்படுத்தலொன்று பழைய லினக்ஸ் தொடக்கிகளை விலக்கும் விதியைக் கணினிகளிற் பதித்தது. இரண்டு முறைமைகளையும் ஒருங்கே வைத்திருப்போரை அது தீண்டாது என அறிவிக்கப்பட்டிருந்தும், அத்தகையோர் பலரின் கணினிகளில் லினக்ஸ் தொடங்காது நின்றது. இதில் தீய நோக்கம் இருந்ததாகக் கூறவேண்டியதில்லை. தீய நோக்கம் இன்றியே இத்தகைய கேடு விளையக்கூடும் என்பதே கருதற்பாலது.

மூன்றாவது வாதமே அவர்களின் வலிமையான வாதம்: ‘பாதுகாப்பு உறுதியாக இருக்க வேண்டுமாயின் ஒரு மைய அதிகாரம் வேண்டும், உடைமையாளரிடம் விட்டால் அவர் ஏமாற்றப்படுவார்.’ கடந்த ஆண்டுகளின் வரலாறு இதற்கு விடையளிக்கின்றது. 2020இல் ‘பூட்ஹோல்’ எனப் பெயரிடப்பட்ட குறைபாடு, பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகள் பயன்படுத்தும் கிரப் தொடக்கியிற் கண்டறியப்பட்டது. மைய அதிகாரத்தின் ஒப்பம் பெற்ற சங்கிலியினுள்ளேயே ஓட்டை இருந்தது. 2023இல் ஈசெற் ஆய்வாளர் விவரித்த ‘பிளக்லோட்டஸ்’ தீநிரல், முழுமையாக இற்றைப்படுத்தப்பட்ட விண்டோஸ் 11 கணினியிலும் செக்கியுவர் பூட்டைக் கடந்தது. அது கடந்து சென்ற வழி எது? குறைபாடு திருத்தப்பட்ட பின்னரும் தடைப்பட்டியலிற் சேர்க்கப்படாது விடப்பட்ட, மைக்ரோசொஃப்ற்றின் ஒப்பத்தையே தாங்கிய பழைய விண்டோஸ் தொடக்கி. 2024இல் பைனார்லி நிறுவனத்தார் வெளிப்படுத்திய ‘பிகேஃபெயில்’ விவகாரம் இதனினும் இரங்கத்தக்கது. ‘நம்பற்க’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் பொறிக்கப்பட்ட சோதனைத் தளத் திறப்பை, பல உற்பத்தியாளர் நூற்றுக்கணக்கான வகைக் கணினிகளில் அப்படியே வைத்து விற்றிருந்தனர். அத்திறப்பின் இரகசியப் பகுதியோ முன்னரே வெளியிற் கசிந்துவிட்டது.

இவை மைய அதிகாரம் பயனற்றதென நிறுவவில்லை. அதன் காவல் தவறாததென்னும் கூற்றையே பொய்ப்பிக்கின்றன. எல்லோர்க்கும் ஒரே திறப்பாயின், அது கெட்டால் எல்லோர் வாயிலும் ஒருங்கே திறக்கும். அதனைத் திரும்பப் பெறவோ, பழைய முறைமைகள் இயங்காது போகும் என்னும் அச்சத்தால் காவலர் தயங்குவர். பிளக்லோட்டஸ் விடயத்தில் நிகழ்ந்தது இதுவே. தாம் பயன்படுத்தும் முறைமையின் திறப்பை மட்டும் பதித்த உடைமையாளரின் கணினியிலோ, பழைய விண்டோஸ் தொடக்கி தொடங்கியே இராது.

5. மாற்று வழி கற்பனையன்று

பாதுகாப்பும் உடைமையாளரின் அதிகாரமும் ஒருங்கே நிலவக்கூடும் என்பதற்குச் சான்றுகள் உள. கூகிளின் குரோம்புக் மடிக்கணினிகள் தொடக்கம் முதலே ஒப்பத்தைச் சரிபார்த்துத் தொடங்குவன. ஆயின், அவற்றில் உடைமையாளர் தாமே ‘உருவாக்குநர் நிலை’க்கு மாறலாம், முற்கால வகைகளில் உள்ளிருந்த திருகாணியொன்றைக் கழற்றி நிலைபொருளையே மாற்றலாம். கணினி எவர் கையில் உள்ளதோ அவரே அதற்கு அதிகாரி என்னும் நெறி இதில் உள்ளது. இணையவழி வரும் கள்வனாற் திருகாணியைக் கழற்ற இயலாதன்றோ! தன் கைத்தொலைபேசிகளை இறுகப் பூட்டும் அப்பிள் நிறுவனங்கூட, 2020 முதல் வெளியிட்ட தன் செயலிகளையுடைய மாக் கணினிகளில், உடைமையாளர் தம் கடவுச்சொல்லால் உறுதிசெய்து பிற முறைமைகளைத் தொடங்க இடமளித்துள்ளது. அசாகி லினக்ஸ் என்னும் முயற்சி அவ்வழியாகவே எழுந்தது. அதே கணினியில் அப்பிளின் சொந்த முறைமை முழுப் பாதுகாப்புடன் தொடர்ந்து இயங்கும்.

அரசியல் தளத்திலும் இது புதிய கோரிக்கையன்று. ஜேர்மனியக் கூட்டரசு 2012இல் வெளியிட்ட கொள்கைக் குறிப்பொன்று, கருவிகளிலுள்ள இத்தகைய பாதுகாப்பு முறைகள் யாவும் உடைமையாளரின் முழுக் கட்டுப்பாட்டில் இருத்தல் வேண்டுமெனக் கோரியது.

6. பல்கலைக்கழகங்களின் பொறுப்பு

இது சில ஆர்வலர்களின் பொழுதுபோக்குப் பற்றிய பிணக்கென எண்ணுதல் தவறாகும். 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10இன் பொது ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11இன் வன்பொருள் நிபந்தனைகளை நிறைவுசெய்யாத, ஆயின் பழுதேதும் அற்ற கணினிகள் எண்ணற்றவை. அவற்றுக்கு எஞ்சியுள்ள பயனுள்ள வாழ்வு பெரும்பாலும் பிற முறைமைகளாலேயே கிட்டும். மறுபுறம், 2011இல் வழங்கப்பட்ட மைக்ரோசொஃப்ற் சான்றிதழ்களின் தவணை 2026 ஜூன் முதல் ஒன்றன்பின் ஒன்றாக முடியுமாறு விதிக்கப்பட்டது. அதனால் இயங்கும் கணினிகள் உடனே நின்றுவிடா. ஆயினும், 2023ஆம் ஆண்டுச் சான்றிதழால் மட்டும் ஒப்பமிடப்பட்ட புதிய தொடக்கிகளை, அச்சான்றிதழைப் பெறாத பழைய கணினி பூட்டிய நிலையில் ஏற்காது. வசதி குறைந்த மாணவர் கைமாற்றி வாங்கும் கணினி இவ்விரு நெருக்கடிகளுக்கும் இடையிலேயே நிற்கின்றது.

கணினியியல் கற்கும் மாணவர் நிலை இதனினும் ஆழமானது. தொடக்கியை எழுதிப் பார்க்காதவர், பிறர் எழுதிய முறைமையின் பயனராகலாம். முறைமையை ஆக்குபவர் ஆதல் அரிது. மெய்நிகர்க் கணினியில் எழுதிப் பழகலாமே எனின், நீந்தக் கற்பவர் என்றேனும் குளத்தில் இறங்கவும் வேண்டும்.

ஆகவே, கணினிகளைத் தொகையாக வாங்கும் நிறுவனங்கள், சிறப்பாகப் பல்கலைக்கழகங்கள், தம் கேள்விப்பத்திரங்களில் மூன்று நிபந்தனைகளை எழுதுதல் வேண்டும். கணினியின் முன் அமர்ந்திருக்கும் உடைமையாளர் எத்திறப்பையும் சேர்க்கவும் நீக்கவும் இயலுதல் வேண்டும். அதற்கான வழிமுறை கணினியோடு வரும் கைந்நூலில் விளக்கப்படல் வேண்டும். உற்பத்தியாளரின் ஆதரவு முடியும் நாளிலும் இவ்வுரிமை முடியாதிருத்தல் வேண்டும். இவற்றை நிறைவுசெய்யும் கணினிகள் இன்றும் சந்தையில் உள. வினவுவோர் இன்மையாலேயே இவ்வுரிமைகள் விற்பனை விவரங்களில் இடம்பெறுவதில்லை. நீண்டகால நோக்கில், பிற முறைமைகளுக்கு ஒப்பமிடும் பொறுப்பு, அவற்றோடு போட்டியிடும் கம்பனியிடமிருந்து எத்தரப்பையும் சாராத பொது அமைப்பொன்றுக்கு மாற்றப்படல் வேண்டும்.

2011இல் எழுந்த எதிர்ப்பே அன்று விதியில் ஒரு வாசகத்தைச் சேர்ப்பித்தது. எதிர்ப்பு ஓய்ந்தபின் அவ்வாசகம் மெலிந்தது. பாதுகாப்பென்னும் சொல்லைக் கேட்டவுடன் வினவுதலை நிறுத்திவிடும் பழக்கம் நீங்கினாலன்றி, மெலிந்தது ஒருநாள் இல்லாது போகும். பூட்டைச் செய்தவருக்கு அதற்குரிய விலையைக் கொடுத்தாயிற்று. இனித் திறப்பைக் கேட்டுப் பெறுதலே வாங்கியவர் செய்யவேண்டுவது.